றங்குப்பெட்டிக்கு அடியில் கிடந்த மரண அறிவித்தல்: பழைய பத்திரிகைகளைத் தட்டச்சில் ஏற்ற யார் வருகிறீர்கள்?

மனையாவெளி ரீச்சர் எழுதியது:

சின்னம்மாவின் வீட்டைச் சென்ற மாதம் ஒதுக்கினோம். அவருடைய கூறைச்சேலை இருந்த றங்குப்பெட்டியைத் திறந்தால், துருக்கறை படாமலிருக்க அடியில் பத்திரிகைத் தாள் விரித்திருந்தது. மூன்று தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டி, பொரித்த அப்பளம் போலத் தொட்டால் நொறுங்கும் பதத்தில். நடுத்தாளில் ஒரு மரண அறிவித்தல். படித்துக்கொண்டு போனால், அது எங்கள் ஆச்சியின் தமையனுடையது! ஆச்சி சாகும்வரை "அண்ணன் செத்த வருஷம்" என்று சொல்லுவாரே தவிர, அது எந்த வருஷம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி தருகிறேன்:

"திருக்கோணமலையைப் பிறப்பிடமாகவும் தம்பலகமத்தை வதிவிடமாகவும் கொண்ட இளைப்பாறிய கப்பற்றுறை இலிகிதர் … அவர்கள் கடந்த ஞாயிறன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற … தம்பதிகளின் மூத்த புதல்வரும், … வின் அன்புக் கணவரும், திருமதி …, [இந்த இடத்தில் ஒரு வரி கிழிந்துவிட்டது] ஆகியோரின் அருமைச் சகோதரரும் ஆவார்."

கிழிந்த வரி மடிப்பில் இருந்த வரி. அதில்தான் ஆச்சியின் பெயர் இருந்திருக்கவேண்டும். தாளின் மேல்விளிம்பைப் பெட்டியின் அளவுக்குக் கத்தரித்திருக்கிறார்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் கத்தரியோடு போய்விட்டன.

1990 இல் போரால் ஊரைவிட்டு ஓடியபோது வீட்டிலிருந்த சான்றிதழ், புகைப்படம், சாதகக் கட்டு எல்லாம் அழிந்தன. எங்களுக்கு மட்டுமா? இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் பாதிச் சனத்துக்கு அதே கதைதான். அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பெட்டிக்கு அடியில் விரித்த தாள்தான் இப்போது ஆவணம். ஆகவே இரண்டு கேள்விகள். இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அடுத்தது, உங்கள் வீடுகளிலும் இப்படித் தாள்கள் இருக்கும். அவற்றிலுள்ள மரண அறிவித்தல், திருமண அறிவித்தல், ஊர்ச் செய்தி ஆகியவற்றைப் பிரித்துத் தட்டச்சு செய்து ஒரே இடத்தில் சேர்க்க நேரம் தரக்கூடியவர்கள் யார் யார்?


சாம்பல்தீவான் எழுதியது:

ரீச்சர், முதலில் அந்தத் தாளுக்கு ஒட்டும் நாடா போடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கும், ஐந்து வருடம். பிறகு பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். மடிப்பை நேராக்க இஸ்திரிப்பெட்டியும் வேண்டாம். சிரிக்காதீர்கள், அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

என் கதை இன்னும் மோசம். அப்பா தன் பரீட்சை முடிவு வந்த பத்திரிகைத் துண்டை நாற்பது வருடம் பகவத்கீதைக்குள் வைத்துக் காப்பாற்றினார். நான் பெரிய புத்திசாலி என்று நினைத்து, ஒரு கடையில் கொடுத்து லாமினேட் செய்வித்தேன். சூட்டில் தாள் சுருங்கி, நடுவில் காற்றுக் குமிழ் விழுந்து, அப்பாவின் சுட்டெண் இருந்த வரி கோணிப்போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பிறகு கையில் எடுக்கவுமில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் தாளைப் பிரிக்கவேண்டாம். நம் ஊரின் உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால் பத்திரிகைத் தாள் களி மாதிரி ஆகிவிடும். பங்குனி, சித்திரை வரட்டும். அதுவரை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: யன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சம், பிளாஷ் இல்லாமல்.


தம்பலகாமத்தான் எழுதியது:

தாளைத் திருப்பிப் பாருங்கள் ரீச்சர். திகதி போன துண்டுக்குப் பின்பக்கம்தான் சாட்சி.


மனையாவெளி ரீச்சர் எழுதியது:

திருப்பினேன். இந்தப் புத்தி எனக்கு ஏன் முதலே வரவில்லை!

பின்பக்கத்தில் ஒன்றரைப் பத்தி மிஞ்சியிருக்கிறது. ஒன்று, "புயல் வீசி ஒரு வாரமாகியும் கூரையற்றிருக்கும் குடும்பங்களுக்கு" என்று தொடங்கி அறுந்துபோகிறது. அதற்குக் கீழே ஒரு புடைவைக்கடையின் பொங்கல் விளம்பரம். பக்கத்துப் பத்தியில் பாதிப் பாதி வரிகள்: "…ளுமன்றம் கலைக்கப்பட்டதைத் தொடர்…", "…ட்பு மனுத் தாக்கல்…".


உப்புவெளி எழுதியது:

புயல் என்றால் 1978 நவம்பர் தானே? மட்டக்களப்பைத் துடைத்துப்போட்ட புயல். எங்கள் மாமி வீட்டுத் தென்னைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.


தம்பலகாமத்தான் எழுதியது:

இல்லை. 1978 புயல் நவம்பர் 23, 24. அதற்கு ஒரு வாரத்தின் பின் என்றால் டிசெம்பர் தொடக்கம். அப்போதே யார் பொங்கல் விளம்பரம் போடுவான்? சரி, போட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பாராளுமன்றம் கலையவில்லையே.

1964ஐப் பாருங்கள். டிசெம்பர் 3 ஆம் திகதி சிறிமாவோ அரசாங்கம் ஒரு வாக்கால் தோற்றது. 17 ஆம் திகதி பாராளுமன்றம் கலைந்தது. 22 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை புயல் திருகோணமலையை அடித்துவிட்டு, அன்றிரவே தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. தேர்தல் அடுத்த மார்ச்சில். கலைப்பு, புயல், பொங்கல் மூன்றும் ஒரே தாளில் நிற்கக்கூடிய காலம் அது ஒன்றுதான். "ஒரு வாரமாகியும்" என்றால் டிசெம்பர் 29க்கு முன் இல்லை. கடந்த ஞாயிறு என்பது டிசெம்பர் 27 ஆகவோ ஜனவரி 3 ஆகவோ இருக்கவேண்டும்.

குளத்துக் கட்டு உடைத்துக்கொண்ட அந்த மாரியை எங்கள் அப்பு குரோதி வருஷத்துப் புயல் என்றுதான் சொல்லுவார். 1964 என்று ஒருநாளும் சொன்னதில்லை.


பழைய மெய்ப்புக்காரன் எழுதியது:

தம்பி தம்பலகாமத்தான் சொன்ன கணக்குச் சரி. குரோதி என்ற சொல்லை அவர் எடுத்ததும் நல்லது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அறுபது வருஷத்துப் பெயர்களையும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். பிரபவ 1867, 1927, 1987. அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஒரே பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், "சித்திரபானு வருஷம்" என்று மட்டும் ஒரு தாளில் இருந்தால் அது 1882 ஆகவும் இருக்கலாம், 1942 ஆகவும் இருக்கலாம். பாட்டனும் பேரனும் ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் நம் குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பொறி. யப்பான்காரன் நம் துறைமுகத்தில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. 1942 என்றால் சித்திரபானு என்று பலர் உடனே எழுதிவிடுவார்கள். ஆனால் அன்று பங்குனி. புதுவருஷம் பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ஆகவே அது விஷு வருஷம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நடந்த எதுவும் முந்திய தமிழ் வருஷத்தில்தான் விழும்.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவன். இப்போது கண் மங்கிவிட்டது. பேரப்பிள்ளை எழுத்தைப் பெரிதாக்கித் தந்தால் படிப்பேன். ஒரு கை கொடுக்கிறேன்.


ஸ்கார்பரோ கோணேசன் எழுதியது:

நல்ல முயற்சி ரீச்சர். நான் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருக்கிறேன். உறவினர்கள் அனுப்பிய துண்டுகள் இருநூறுக்கு மேல். வேலை முடிந்து வந்து இரவில் எக்செலில் ஏற்றுகிறேன். முன்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவற்றை எல்லாம் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றிவிட்டேன். தேட வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் சீராக்கியிருக்கிறேன்: திருக்கோணமலை, திரிகோணமலை என்று இருந்தால் திருகோணமலை. தம்பலகமம், தம்பலகாமம் எல்லாம் ஒன்று. அச்சுப்பிழைகளைத் திருத்தினேன். "திருமதி இன்னார்" என்று கணவன் பெயரில் மட்டும் இருந்த பெண்களுக்கு, எனக்குத் தெரிந்த இடங்களில் சொந்தப் பெயரைப் போட்டேன். சாதியைக் காட்டும் பட்டங்களை நீக்கிவிட்டேன். இந்தக் காலத்தில் அவை வேண்டியதில்லை.

ரீச்சருடைய அறிவித்தலிலும் கிழிந்த வரியில் சின்னாச்சி என்று போடலாம். ஆச்சியை ஊரில் அப்படித்தானே அழைத்தார்கள்? என் தாயாரும் அதே ஒழுங்கையில் (சிறு தெருவில்) இருந்தவர்தான்.


பழைய மெய்ப்புக்காரன் எழுதியது:

தம்பி கோணேசன், இருநூறு துண்டுகளை இரவில் விழித்திருந்து ஏற்றியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் செய்தது பிரதி அல்ல. நீங்கள் புதிதாக ஒரு பத்திரிகை போட்டிருக்கிறீர்கள்.

கோபிக்கவேண்டாம், காரணம் சொல்கிறேன். மரண அறிவித்தல் எங்கள் மேசைக்கு எப்படி வந்தது தெரியுமா? வெளியூர் என்றால் பெரும்பாலும் தந்தி. தந்தி வருவது ஆங்கில எழுத்தில். இரவு பத்து மணிக்கு வந்த தந்தியை உதவி ஆசிரியர் ஒருவர் தமிழாக்கி அச்சுக்கோப்பாளரிடம் கொடுப்பார். அந்த ஆங்கில எழுத்தில் லகரம், ளகரம், ழகரம் எல்லாம் ஒன்று. நகரமும் னகரமும் ணகரமும் ஒன்று. பழனி பலனி ஆவார். வள்ளி வல்லி ஆவார். அதற்குமேல் அச்சுக்கோப்பவனின் எழுத்துப்பெட்டி அறையில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால் அவன் வேறு அளவு எழுத்தை எடுத்துப் போடுவான். தேய்ந்த எழுத்தில் புள்ளி விழாது. இத்தனைக்குப் பிறகு நான் மெய்ப்புப் பார்ப்பேன், தூக்கக் கலக்கத்தோடு.

ஆகவே தாளில் "பலனி" என்று இருந்தால் நீங்களும் "பலனி" என்றே எழுதுங்கள். பக்கத்து நிரலில் "பழனி ஆக இருக்கலாம்" என்று குறிப்பு வையுங்கள். ஏனென்றால், ஊரில் உண்மையாகவே பலனி என்று ஒருவர் இருந்திருந்தால்? நீங்கள் திருத்திய கணத்தில் அவர் இரண்டாம் முறை செத்தார்.

தம்பலகமம் என்று எழுதியவன் தெரியாமல் எழுதவில்லை. அந்த வழக்கு இருந்தது. கொட்டியாரம் என்றும் கொட்டியாபுரம் என்றும் எழுதினார்கள். எந்தக் காலத்தில் எந்த வழக்கு என்பதே பின்னால் ஒருவனுக்குத் திகதி கணிக்க உதவும். தேடுவதற்கு வசதி வேண்டுமா? "இன்றைய வழக்கு" என்று தனி நிரல் போடுங்கள்.


ஸ்கார்பரோ கோணேசன் எழுதியது:

ஐயா, சாதிப் பட்டங்களையும் அப்படியே எழுதச் சொல்கிறீர்களா? அதை நம் பிள்ளைகள் படிக்கவேண்டுமா?


பழைய மெய்ப்புக்காரன் எழுதியது:

ஆம். வெட்கப்படவேண்டியது நம் காலத்தார். தாள் என்ன செய்யும்?


மெல்பேண் வாசகி எழுதியது:

இதில் ஐயாவின் பக்கம் நிற்கிறேன். இங்கே அவுஸ்திரேலிய தேசிய நூலகம் ட்ரோவ் என்ற தளத்தை 2009 முதல் நடத்துகிறது. பழைய பத்திரிகைகளை வருடி, கணினி வாசித்த எழுத்தை ஒரு பக்கமும் தாளின் படத்தை மறுபக்கமும் வைத்திருக்கிறார்கள். யாரும் வரி வரியாகத் திருத்தலாம். ஓய்வுபெற்றவர்கள் பின்னலூசியைக் கீழே வைத்துவிட்டு இதைச் செய்கிறார்கள். நானும் இரவில் ஒரு மணித்தியாலம் செய்கிறேன். அங்குள்ள விதியும் இதுதான்: தாளில் அச்சுப்பிழை இருந்தால் பிழையையே எழுது. படம் பக்கத்தில் இருப்பதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதும் பதிவில் நிற்கும்.

அதிலே நம் ஊரின் பெயரைத் தேடிப் பாருங்கள். கப்பல் வந்தது, கப்பல் போனது, குண்டு விழுந்தது என்று கொட்டும். 1942 ஏப்ரல் செய்திகளை ஒரு கிழமை முழுக்க வாசித்தேன். விமானங்களின் எண்ணிக்கை இருக்கிறது. நான் படித்த அளவில் ஊர்ச் சனம் ஒருவருடைய பெயரும் இல்லை. அன்று எங்கள் பெரியப்பா கைக்குழந்தை. அவரைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பக்கம் நடந்தவர்களின் பெயர் தமிழ்ப் பத்திரிகையில்தான் எங்காவது ஒரு மூலையில் கிடக்கவேண்டும், அதுவும் போர்க்காலத் தணிக்கைக்குத் தப்பியிருந்தால்.

தமிழுக்கு இதை இயந்திரத்தை மட்டும் நம்பிச் செய்ய முடியாது. பழைய அச்சில் ரகரமும் அரவும் (கா, மா என்பவற்றில் வரும் கால்) ஒரே கோடு. லை, ளை, னை, ணை எல்லாம் யானைத்தும்பிக்கை வைத்த பழைய வடிவம். கணினி அதைப் பார்த்து மிரள்கிறது. திகதியில் ௵ (வருஷம்), ௴ (மாதம்) குறிகள் வந்தால் முற்றாகக் கைவிரித்துவிடுகிறது. கண்ணுள்ள மனிதர்கள் வேண்டும்.


கிண்ணியாக்காரி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரீச்சரிடம் படித்தவள் நான், என் எழுத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்!

எல்லோரும் மரண அறிவித்தலையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் மௌத்து நடந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். சில மணி நேரத்துக்குள் ஜனாஸா அடக்கம் முடிந்துவிடும். அதைப் பத்திரிகைக்கு எழுதி, அது அச்சாகி, பஸ்ஸில் வந்து, கிண்ணியாத் துறையில் பாதைக்கு (அக்கரை கொண்டுபோகும் மிதவைப் படகுக்கு) காத்திருந்து அக்கரை சேர்வதற்குள் மூன்றாம் நாள் கத்தமும் ஓதியாகிவிடும். (பாலம் வந்தது 2009 இல்தான். சின்னப்பிள்ளைகளுக்குப் பாதை என்றால் இப்போது தெருதான் தெரியும்.) பிறகு எதற்கு அறிவித்தல்? அதுபோலத் திருக்கடலூர், சல்லிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்களைக் கேளுங்கள். அறிவித்தலுக்குக் காசு வேண்டும். வானொலியில் வாசிப்பதற்கும் காசுதான், காற்றோடு போயும்விடும்.

அதாவது மரண அறிவித்தலை மட்டும் எழுதிச் சேர்த்தால், ஐம்பது வருடத்துக்குப் பிறகு படிப்பவன் திருகோணமலையில் இலிகிதரும் ஆசிரியரும் முதலாளியும் மட்டும்தான் வாழ்ந்து இறந்தார்கள் என்று நினைப்பான்.

எங்கள் வாப்பப்பாவின் பெயர் எனக்குப் பத்திரிகையில் கிடைத்தது எங்கே தெரியுமா? தோணி கவிழ்ந்த செய்தியில். "தப்பியோர்" என்று ஐந்து பெயர், கடைசிப் பெயர் அவர். அந்தச் செய்தி நாலே வரி. யாரும் வெட்டி வைத்திருக்கமாட்டார்கள். மறுபக்கத்தில் இருந்த ஒரு திருமண வாழ்த்துக்காக யாரோ வெட்டியதால் தப்பியது.


மனையாவெளி ரீச்சர் எழுதியது:

மகளே, உன் எழுத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. இன்னும் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடம் விடமாட்டாய் என்று நினைத்தேன், திருந்திவிட்டாய்.

நீ சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. அப்படியென்றால் அறிவித்தலை மட்டும் வெட்டி எடுக்காமல், கையில் கிடைத்த தாளில் நம் மாவட்டத்தைச் சேர்ந்த பெயர் எது வந்தாலும் எழுதுவோம். பரீட்சை முடிவு, கோயில் திருப்பணி நன்கொடைப் பட்டியல், விபத்து, நீதிமன்றச் செய்தி, காணி ஏலம், மரணசாதன (உயில்) அறிவித்தல். நன்கொடைப் பட்டியலில் ஐம்பது சதம் கொடுத்தவருடைய பெயரும் வரும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பத்து ரூபாய்க்காரருக்குப் பக்கத்திலேயே.


உப்புவெளி எழுதியது:

நீதிமன்றச் செய்தி வேண்டாமே. அறுபதுகளில் கள்ளுத்தவறணையில் அடிபட்ட ஒருவருடைய பேரன் இப்போது என் மேலதிகாரி.


தம்பலகாமத்தான் எழுதியது:

ஹா! அதற்கு ஒரு எல்லை போடலாம். எழுதுவது எல்லாவற்றையும். பொதுவில் காட்டுவது குறிப்பிட்ட காலத்துக்கு முந்தியதை மட்டும். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எதுவும் வெளியே போகக்கூடாது. இக்கால அறிவித்தல்களில் மக்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதுவரை போடுகிறார்கள். திருடனுக்கு அழைப்பிதழ் வைத்தது போல. எழுபது வருடம் என்று வைப்போமா? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆசிரியர் பெயர் தெரியாத எழுத்துக்கு வெளியீட்டிலிருந்து எழுபது வருடம்தான் சொல்கிறது. அன்றாடச் செய்தித் தகவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆனால் கட்டுரை, கவிதை வந்தால் கவனம்.


சாம்பல்தீவான் எழுதியது:

எழுபது என்றால் ரீச்சரின் 1964 தாளே உள்ளே வராதே!


தம்பலகாமத்தான் எழுதியது:

குடும்பம் சம்மதித்தால் வரும். சம்மதம் கேட்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.


மனையாவெளி ரீச்சர் எழுதியது:

இன்று ஒரு புதினம். பெரியம்மாவின் மகள் தன் அலமாரியிலிருந்து பெரியவருடைய, அதாவது ஆச்சியின் தமையனுடைய, கல்வெட்டைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தாள். (நம் ஊருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: கல்லில் வெட்டியது அல்ல, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகம்.) அட்டை இல்லை. இராமபாணப் பூச்சி நடுவில் சுரங்கம் தோண்டியிருக்கிறது. ஆனால் முதற்பக்கத்தில் திதி வெண்பா (இறந்த வருஷம், மாதம், திதி சொல்லும் பாட்டு) பாதி தப்பியிருக்கிறது. "குரோதி" தெரிகிறது. "மார்கழி" தெரிகிறது. "அமரபட்ச" வரை வந்து, திதியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.


பழைய மெய்ப்புக்காரன் எழுதியது:

போதும் அம்மா, பட்சம் தப்பியதே போதும்! ஜனவரி 2 ஆம் திகதி இரவோடு அமாவாசை முடிகிறது. 3 ஆம் திகதி ஞாயிறு வளர்பிறை, பூர்வபட்சம். தேய்பிறையில், அதாவது அமரபட்சத்தில், விழுவது டிசெம்பர் 27 ஞாயிறு. உங்கள் பெரியவர் இறந்தது 1964 டிசெம்பர் 27. புயலுக்கு ஐந்தாம் நாள்.

தந்திக் கம்பியெல்லாம் அறுந்துகிடந்திருக்கும். யாரோ கையில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அறிவித்தல் வந்திருக்கவேண்டும். அப்படியானால் பெயர்கள் தமிழிலேயே எழுதிப் போயிருக்கும். தந்திப் பிழை இராது. அந்தக் கிழிந்த வரி எனக்கு இப்போது இன்னும் வேண்டியிருக்கிறது.

பார்க்கவேண்டியது டிசெம்பர் 29 முதல் ஜனவரி 2 வரை. வீரகேசரி, தினகரன், ஈழநாடு மூன்றும் அப்போது நாளிதழ்கள். ஈழநாட்டின் காரியாலயம் 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தது. ஆனாலும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அன்றன்று பிரதி போயிருக்கவேண்டும். "நூலகம்" என்ற இணையத்தளத்திலும் தேடுங்கள், 2005 இலிருந்து தன்னார்வலர்கள் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கொழும்பில் யார் இருக்கிறீர்கள்?


உப்புவெளி எழுதியது:

நான்தான். 1978 என்று சொல்லி அசடு வழிந்ததற்குப் பிராயச்சித்தமாக ஒருநாள் விடுப்பு எடுக்கிறேன்.


ஸ்கார்பரோ கோணேசன் எழுதியது:

நான் சில நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். என் பழைய படங்களைத் திறந்து, தட்டச்சு செய்ததோடு ஒப்பிட்டேன். முதல் நாற்பதில் ஒன்பது இடத்தில் நான் "திருத்தியது" பிழை. ஓரிடத்தில் ஒரே பெயருள்ள இரண்டு கணபதிப்பிள்ளைகளை, ஒருவர் பெயரில் தலைப்பெழுத்து அச்சுப்பிழை என்று நினைத்து, ஒருவராக்கியிருக்கிறேன். ஒருவர் நிலாவெளி, மற்றவர் மூதூர். மாமனாரும் மருமகனும். இருவருக்கும் ஒரே மனைவியைக் கொடுத்துவிட்டேன். ஐயா மன்னிக்கவேண்டும், அந்தக் குடும்பமும்.

இருநூறையும் மறுபடி அடிக்கிறேன். படங்களை மெல்பேண் அக்காவுக்கும் அனுப்புகிறேன். என்னுடையதைப் பார்க்காமல் அவர் தனியாக அடிக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் ஐயா பார்த்தால் கண்ணுக்கும் சிரமம் குறைவு.


மெல்பேண் வாசகி எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. படத்துக்குப் பெயர் வைக்கும்போது பத்திரிகை, ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற ஒழுங்கில் வையுங்கள். "அம்மா தந்த துண்டு புதியது 2" என்று எனக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.


உப்புவெளி எழுதியது:

கிடைத்துவிட்டது.

மூன்று பத்திரிகை, பதினைந்து இதழ் என்று தயாராகப் போனேன். டிசெம்பர் 31 ஆம் திகதித் தாளில் இருந்தது. கட்டிய தொகுப்பில், கிழியாமல். புடைவைக்கடைப் பொங்கல் விளம்பரமும் பின்னால் அப்படியே இருக்கிறது. ரீச்சரின் தாளில் கிழிந்த வரியை எழுத்துக்கு எழுத்து தருகிறேன், ஒன்றும் திருத்தவில்லை:

"பொண்ணுப்பிள்ளை (தாதி, மூதூர்)"


மனையாவெளி ரீச்சர் எழுதியது:

ஆச்சி தாதியாக வேலை செய்தாரா?

வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையே. சின்னாச்சி, சின்னாச்சி என்றே அழைத்தோம். மூதூருக்கு அவர் எப்போது போனார்? அம்மா பிறந்தது 1939 இல். அதற்கு முன்னா, பின்னா? பெரியம்மாவின் மகளுக்கு இப்போதுதான் தொலைபேசி எடுத்தேன். அவளும் திகைத்துப்போய் இருக்கிறாள்.


ஸ்கார்பரோ கோணேசன் எழுதியது:

நான் அங்கே சின்னாச்சி என்று போடச் சொன்னேன்.


பழைய மெய்ப்புக்காரன் எழுதியது:

பொன்னுப்பிள்ளையா, பொண்ணுப்பிள்ளையா என்பது இருக்கட்டும். தாளில் டண்ணகரம் (ண), நாமும் டண்ணகரம் போடுவோம். குறிப்பு நிரலில் ரீச்சர் தன் கருத்தை எழுதலாம்.


கிண்ணியாக்காரி எழுதியது:

ரீச்சர், எங்கள் மூத்தம்மாவுக்கு மூதூரில் பிள்ளைப்பேறு பார்த்த ஒரு "பொன்னு மிஸ்ஸி" பற்றி உம்மா சொல்லுவார். அவராக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐயா திட்டுவார். குறிப்பு நிரலில் போடுங்கள். உம்மாவுக்கு எண்பத்தொரு வயது, காலையில் ஞாபகம் நன்றாக இருக்கும். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு முன் வந்தால் கேட்கலாம். பாலத்தடியில் நிற்கிறேன்.


மனையாவெளி ரீச்சர் எழுதியது:

வருகிறேன். மற்ற இரண்டு தாள்களையும் இன்னும் பிரிக்கவில்லை. சாம்பல்தீவான் தம்பி சொன்னபடி சித்திரை வரட்டும்.